கடிதப் பெட்டியும் ஓர் அமானிதமே

உலகுக்காக எழுதப்படுவன சில; வீட்டுக்காக எழுதப்படுவன சில. நூல்களும் ஆய்வுரைகளும் மேடைப் பேச்சுகளும் முதல்வகையின. மகன் தந்தைக்கு எழுதிய கடிதம், தந்தை மகனுக்கு விடுத்த மறுமொழி, நாட்குறிப்பு, செலவுக் கணக்கு, பழைய நிழற்படம் ஆகியன இரண்டாம் வகையின. முதல்வகை எழுத்தை எடைபோடுவதில் நம் திறனாய்வாளர்கள் வல்லவர்கள். இரண்டாம் வகையைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வோர் நம்மிடையே மிகச் சிலரே. வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதத்தில் வரலாறு ஏது என்பது பலரின் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று என்பதை, தமிழகத்தில் வேரூன்றிய ஓர் அறிவியல் குடும்பத்தின் காகிதங்களைக் கொண்டே ஈண்டு ஆராய விழைகிறோம்.

அக்குடும்பம், 1983ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசை வில்லியம் ஃபௌலருடன் பகிர்ந்துகொண்ட சுப்பிரமணியன் சந்திரசேகரின் குடும்பம். அவர்தம் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் குடும்பத் தாள்களும் அமெரிக்காவிலுள்ள சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் பேணப்பட்டு வருகின்றன. குடும்பக் கடிதங்களையும், அறிஞரோடு நேரில் உரையாடித் திரட்டிய செய்திகளையும் கொண்டு காமேசுவர வாலி என்னும் இயற்பியல் பேராசிரியர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1991இல் வெளிவந்தது. தம் ஆராய்ச்சிகள் பிறந்த கதையை அறிஞர் தமக்கென எழுதிவைத்த குறிப்புகளை அவரே பதிப்பித்து 2010இல் நூலாக்கினார். இடையில், 2005இல், இலண்டன் பேராசிரியர் ஆர்தர் மில்லர் வேறொரு நோக்கில் அதே வாழ்வை எழுதினார். இம்மூன்று நூல்களையும் சிட்லபாக்கத்தில் இருந்துகொண்டு அடுத்தடுத்துப் படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்றே: சபையில் பதிவாகாத எதனை இக்காகிதங்கள் நமக்குச் சொல்கின்றன? அவையும் சொல்லாது விட்டது யாது?

குடும்பமும் கடலும்

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19இல் லாகூரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் இரயில்வேயின் கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர், வயலின் பயின்றவர், கருநாடக இசையின் இலக்கணம் குறித்து நூல் எழுதியவர். ஸர் சி. வி. இராமன் அவருடைய இளவல். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்த அறிவுடையார். பத்துக் குழந்தைகளில் மூன்றாமவர் சந்திரசேகர், ஆண்மக்களில் மூத்தவர். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் 1925 முதல் 1930 வரை மாநிலக் கல்லூரியிலும் அவர் பயின்றார்.

1930 ஜூலை 31இல், பத்தொன்பது வயது இளைஞராக, இந்திய அரசின் உதவித்தொகை பெற்றுப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். தாயார் அப்போது நோயுற்றிருந்தார். மகன் போகலாமா, நிற்கலாமா என்ற தடுமாற்றம் வீட்டில் இருந்தது. போய் வருக என்று விடைகொடுத்தவர் அத்தாயே. அடுத்த ஆண்டு மே 21இல் அவர் மறைந்தார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். தாயின் முகத்தை அவர் மீண்டும் காணவில்லை.

அறிவியல் வரலாறு அக்கப்பற் பயணத்தை வேறொரு காரணத்திற்காக நினைவில் வைத்திருக்கிறது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கி வெண்குறுமீனாகிறது. அவ்வாறு அமைதியுறுவதற்கு அதன் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையது வெண்குறுமீனாக நிலைத்து நிற்க இயலாது. இவ்வுண்மையின் முதற்கணக்கு அக்கப்பலில் போடப்பட்டது. உலகம் அதனைச் 'சந்திரசேகர் எல்லை' என்று போற்றுகிறது. ஆயின் அக்கணக்குத் தாளுக்கு அருகிலேயே நோயுற்ற தாயை விட்டுவந்த மகனின் நெஞ்சமும் இருந்தது என்பதை ஆய்விதழ்கள் சொல்லா. குடும்பத்தின் கடிதங்களும் நினைவுகளுமே சொல்லும்.

சபை சொன்னதும் கடிதம் சொன்னதும்

இக்காகிதங்களின் பெருமதிப்பு 1935ஆம் ஆண்டில் வெளிப்படுகிறது. அவ்வாண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர், அக்காலத்து வானியலின் தலைமகனாகக் கருதப்பட்ட ஸர் ஆர்தர் எடிங்டன். விண்மீன் இவ்வாறு நகைப்புக்கிடமாக நடந்துகொள்வதை இயற்கை அனுமதிக்காது என்னும் கருத்துப்பட அவர் பேசினார். சபை சிரித்தது. இருபத்துநான்கு வயது இளைஞர் தலைகுனிந்து வெளியேறினார்.

அச்சில் வந்த கூட்டக் குறிப்பை மட்டும் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? பெரியவர் மறுத்தார், எவரும் இளைஞரை ஆதரிக்கவில்லை, ஆகவே கருத்தில் ஏதோ பிழை இருந்திருக்கும் என்றே எண்ணுவார். அவ்வமயம் எழுதப்பட்ட கடிதங்களோ வேறு கதை சொல்கின்றன. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் அருகில் இருந்த தம் நண்பர் ரோசன்ஃபெல்டுக்குச் சந்திரசேகர் உடனே எழுதினார். ரோசன்ஃபெல்டின் மறுமொழி ஐயத்திற்கிடமின்றி இளைஞரின் பக்கம் நின்றது. எடிங்டனின் வாதத்தில் தமக்கோ போருக்கோ பொருள் ஏதும் தென்படவில்லை என்பதே அதன் சாரம். பௌலியும் தனிப்பட்ட முறையில் அவ்வாறே கருதினார். ஆயின் அவர்களில் எவரும் அன்று பொதுச்சபையில் எழுந்து அதனைச் சொல்லவில்லை. டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் ஆகிய மூவரும் எடிங்டனின் வாதத்தை மறுத்து அச்சில் எழுதியது 1942இல்தான். இடையில் ஏழாண்டுகள் கழிந்துவிட்டன.

அறிஞருலகின் மனச்சான்று அஞ்சலுறைக்குள் ஒருவிதமாகவும் மேடையில் வேறுவிதமாகவும் பேசியது என்பதற்கு இக்கடிதங்களே சாட்சி. இவை எரிந்துபோயிருந்தால், சபையின் சிரிப்பொலி மட்டுமே வரலாறாக எஞ்சியிருக்கும். அநீதியிழைக்கப்பட்டவரின் வழக்கைப் பிற்காலத்தில் மீண்டும் விசாரிக்க ஒரு தாள் போதும். அத்தாள் இல்லையேல் வழக்கே இல்லை.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்தவர்கள். ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, ஒருவரையொருவர் சந்தித்ததுண்டா என்று அறிவிப்பாளர் தொடரைத் துருவி ஆராய்ந்தனர். நிகழ்ந்த அன்றே எழுதப்பட்ட கடிதத்திற்கும், நாற்பதாண்டு கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்ட செய்திக்கும் ஒரே தரம் கொடுக்கலாகாது. வாலியின் நூலைப் படிக்கும்போது இவ்வளவுகோலைக் கையில் வைத்திருத்தல் நன்று. நூலில் இருவகைச் சான்றும் கலந்துள்ளன. 1930களின் கடிதங்கள் ஒருபுறம். முதுமையில் அறிஞர் உரையாடலில் நினைவுகூர்ந்தவை மறுபுறம். முதலாவது வகை வருமிடங்களில் நூல் உயிர்பெற்று நிற்கிறது. இரண்டாவது வகை வருமிடங்களில், பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பேறிய கதையின் சாயல் தெரிகிறது. அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. தரம் வேறு என்றே சொல்கிறோம்.

இரு வரலாறுகள்

மில்லரின் நூலுக்கு வருவோம். அன்றைய அவமதிப்பு சந்திரசேகரின் உள்ளத்தை வாழ்நாள் முழுதும் வடுப்படுத்தியது. வானியலின் வளர்ச்சியையே பல பதிற்றாண்டுகள் பின்னிழுத்தது என்பது அவர் வாதம். பேரரசின் தலைநகரில், அடிமை நாட்டிலிருந்து வந்த கறுத்த இளைஞர் ஒருவர் அடைந்த துயரம் என்ற நோக்கும் அதில் இழையோடுகிறது. விறுவிறுப்பான நூல், நம்மைப் போன்றோரின் நெஞ்சைத் தொடும் நூல். ஆளப்பட்ட மக்களின் வழிவந்தவர்களாதலால், இத்தகைய வாதத்தைக் கேட்டதும் நாம் தலையசைத்துவிடுவோம்.

தலையசைக்குமுன் காகிதங்களைக் கேட்க வேண்டும். எடிங்டனுக்கும் சந்திரசேகருக்கும் இடையிலான நட்பு 1935இல் முறியவில்லை. சந்திரசேகர் அமெரிக்கா சென்ற பின்னரும் கடிதப் போக்குவரத்துத் தொடர்ந்தது. எடிங்டன் மிதிவண்டிப் பயணத்தில் பெருவிருப்புடையவர். தம் மிதிவண்டித் திறனை அளக்க அவர் ஓர் எண்ணை வகுத்துக்கொண்டார்: எத்தனை நாட்கள் அத்தனை மைலுக்குக் குறையாமல் மிதித்தாரோ, அந்த எண். பத்து நாட்களில் நாளொன்றுக்குப் பத்து மைலேனும் சென்றிருந்தால் அவ்வெண் 10. தம் இறுதிக் காலத்தில் சந்திரசேகருக்கு எழுதிய கடிதத்தில், அவ்வெண் 77ஐ எட்டிவிட்டதை ஒரு சிறுவனின் மகிழ்வோடு தெரிவித்தார். பகைவருக்கு எவரும் இத்தகைய செய்தியை எழுதுவதில்லை. 1944 நவம்பரில் எடிங்டன் மறைந்தபோது சந்திரசேகர் மனமார வருந்தினார். 1983இல் அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலறிஞர் என்று தலைப்பிலேயே போற்றி ஒரு சிறுநூலும் வெளியிட்டார்.

இக்கடிதங்கள் எடிங்டனின் தவற்றைக் கழுவிவிடுவதில்லை. தம் செல்வாக்கால் ஓர் இளைஞரின் உண்மையை அவர் அமுக்கினார் என்பது அப்படியே நிற்கிறது. சந்திரசேகர் 1939இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய தம் பெருநூலை முடித்துவிட்டு அத்துறையை விட்டே விலகினார் என்பதும் நிற்கிறது. ஆயினும் ஒருவரைக் கொடியவராகவும் மற்றவரைப் பலியாடாகவும் நிறுத்தி நாடகம் ஆடுவதற்குக் காகிதங்கள் இடந்தரவில்லை. தவறு செய்தவரும் அன்புடையவராக இருக்கலாம். தவற்றுக்கு ஆளானவரும் அவரை மதித்து வாழலாம். மில்லரின் நூல் சூடு மிக்கது. வாலியின் நூல் நிதானம் மிக்கது. நம் தீர்ப்பு வாலியின் பக்கமே சாய்கிறது.

அவ்வாறு சாயும்போதும் ஒரு குறையைச் சுட்டுதல் கடன். வாலியின் நூல் வெளிவந்தபோது சந்திரசேகர் உயிரோடிருந்தார். 1995 ஆகஸ்டு 21இல்தான் மறைந்தார். எழுதியவரோ அவர்பால் மதிப்புக்கொண்ட சக இயற்பியலார். உயிரோடிருக்கும் பெரியவர் ஒருவரின் வரலாற்றை அவர் முகம் பார்த்து எழுதுபவரின் பேனா சில இடங்களில் மெதுவாகவே நகரும். 1953இல் சந்திரசேகரும் மனைவியாரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது சென்னையிலிருந்த தந்தையாருக்கு நேர்ந்த மனவேதனையை நூல் தொட்டுக்காட்டுகிறது. மகன் ஒருநாள் திரும்பி வருவான் என்று கால்நூற்றாண்டுக்கு அணித்தாகக் கடிதம் எழுதிவந்த தந்தை அவர், 1960இல் மறைந்தவர். அவர் பக்கத்து நியாயத்தை இன்னும் விரிவாகக் கேட்க நாம் விரும்பினோம். வெளிநாட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு அஞ்சலுக்காகவும் தொலைபேசிக்காகவும் காத்திருக்கும் பெற்றோர் நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! அவர்களுக்கு விண்மீனின் நிறையைவிட இவ்வொரு பகுதியே நெருக்கமானது.

தமக்கென எழுதிய குறிப்பு

2010இல் வெளிவந்த குறிப்பு நூல் தனித்தன்மை வாய்ந்தது. சந்திரசேகரின் ஆராய்ச்சி வாழ்வு தனித்தனிக் கட்டங்களாக அமைந்தது. ஒரு துறையைப் பத்தாண்டளவு பயின்று, அதனை ஒரு பெருநூலில் நிறைவுசெய்து, அடுத்த துறைக்குப் புதிய மாணவரைப்போல் நுழைவார். விண்மீன் அமைப்பு, விண்மீன் இயக்கம், கதிர்வீச்சுப் பரவல், பாய்மங்களின் நிலைப்பு, கருந்துளைகளின் கணிதம் என்று அப்பயணம் நீண்டது. 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியப் பொறுப்பையும் சுமந்தார்.

அச்சான நூல்களில் இப்பயணம் பளிங்குத் தளம்போல் தோன்றும். குறிப்புகளிலோ சறுக்கலும் சோர்வும் ஐயமும் வெளிப்படுகின்றன. எந்த வினாவில் வாரக்கணக்கில் முட்டிநின்றார், எந்தக் கணக்கு தவறிப்போயிற்று, யாருடைய சொல் கைகொடுத்தது, யாருடைய சொல் புண்படுத்தியது என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. அச்சு நூலைப் படிக்கும் மாணவன், மேதைகளுக்கு எல்லாம் எளிதில் வாய்க்கும் என்று மயங்கித் தன்னைத் தாழ்த்திக்கொள்வான். குறிப்பைப் படிப்பவன், மேதையும் இரவு விழித்தே விடிவைக் கண்டார் என்று தேறுவான். நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கத்தக்கது இரண்டாவதே. எனினும் கணிதம் அறியாதவர்க்கு இந்நூலின் பெரும்பகுதி பூட்டிய அறையாகவே இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அறிஞர் தம் எழுத்துக்குத் தாமே கணக்கு வைக்கும் மரபு நமக்கு அயலானதன்று. அல்-பிரூனி, மருத்துவமேதை அல்-ராஸியின் நூல்களைப் பட்டியலிட்டு எழுதிய மடலின் இறுதியில், அறுபத்தைந்து வயதளவில் தாம் எழுதியவற்றையும் வரிசைப்படுத்தி வைத்தார். அவற்றுள் மிகப்பல பின்னாளில் மறைந்துபோயின. அவை இருந்தன என்பதற்கே இன்று அந்தப் பட்டியல்தான் சான்று. ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் ஒருவர் ஓய்வாக அமர்ந்து எழுதிய ஒரு தாள், இழந்தவற்றின் அளவையாவது நமக்கு உணர்த்துகிறது.

காகிதங்கள் சொல்லாதவை

இனி, நாம் எழுப்பிய வினாவின் மறுபாதி. இவ்வளவு செம்மையாகப் பேணப்பட்ட காகிதங்களும் சொல்லாதுவிட்டது யாது?

தந்தையின் குரல் கேட்கிறது. மகனின் குரல் கேட்கிறது. தாயின் குரலோ வாலியின் நூலில் பெரும்பாலும் பிறர் வாய்வழியேதான் வருகிறது. கணவரும் மக்களும் சொல்லக் கேட்டே அவரை அறிகிறோம். தம்மைப் பற்றிய சிறுகுறிப்பில் சந்திரசேகர், தாயார் இப்சனைத் தமிழாக்கியதையும், பிள்ளைகளின் உயர்வில் அவர் கொண்டிருந்த தீராத வேட்கையையும் நன்றியோடு குறிக்கிறார். வீட்டையும் கணவனையும் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதையை, பத்துக் குழந்தைகளைப் பெற்ற ஒரு தமிழ்த்தாய் ஏன் தேர்ந்தெடுத்தார்? எந்தச் சொற்களால் அதனைத் தமிழில் சொன்னார்? இலக்கிய வாசகர்க்கு இதனினும் சுவையான வினா வேறு இல்லை. அந்த மொழிபெயர்ப்பின் ஒரு பக்கத்தையேனும் நம்முள் கண்டவர் எத்தனை பேர்?

மனைவியார் லலிதாவின் நிலையும் எண்ணத்தக்கது. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பெங்களூரில் இராமனின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். பள்ளித் தலைமை ஆசிரியையாகவும் இருந்தவர். பெண்கல்விக்கு உழைத்த சகோதரி சுப்புலட்சுமி அவருக்குப் பெரியன்னை முறையினர். நம் சிட்லபாக்கத்திற்கு அருகிலுள்ள மாடம்பாக்கத்தில் 1954இல் பெண்கள் நலனுக்கென மையம் ஒன்று தோன்றக் காரணமாயிருந்தவரும் அச்சகோதரியே. 1936 செப்டம்பரில் சந்திரசேகரை மணந்த லலிதா, தம் ஆராய்ச்சியைத் துறந்து, அவருடைய ஆராய்ச்சிக்குக் காவலாய் நின்றார். 2013இல், நூறு வயதைக் கடந்து, மறைந்தார். ஒரு மேதையின் வரலாற்றில் மனைவியின் துறவு ஒரு பத்தியில் அடங்கிவிடுகிறது. காகிதத்தைச் சேர்ப்பவர் எதனைச் சேர்க்கத் தகுந்ததென எண்ணுகிறாரோ, அதுவே பிற்காலத்தில் வரலாறாகிறது. வீட்டுச் சமையற்கட்டில் நடந்தது சேர்க்கத் தகுந்ததன்று என்று எண்ணினால் பாதி வரலாறு அடுப்போடு அவிந்துபோகும்.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி, அதே 1936ஆம் ஆண்டின் தாயகப் பயணத்தை ஒட்டி நடந்தது. கணிதமேதை இராமானுஜனின் தெளிவான நிழற்படம் ஒன்று வேண்டுமென்று பேராசிரியர் ஹார்டி சந்திரசேகரிடம் கேட்டிருந்தார். சென்னை வந்த அவர், திருவல்லிக்கேணியில் வாழ்ந்துகொண்டிருந்த இராமானுஜனின் மனைவியார் ஜானகி அம்மாளைத் தேடிச் சென்றார். இராமானுஜன் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கைம்பெண்ணிடம் கணவரின் கடவுச்சீட்டு இருந்தது. அதில் ஒரு படமும் இருந்தது. இன்று உலகெங்கும் பாடநூல்களிலும் அஞ்சல்தலைகளிலும் நாம் காணும் இராமானுஜனின் முகம் அந்தப் படத்திலிருந்து வந்ததே. பெரிய கழகங்கள் காக்காததை, தையல் வேலை செய்து பிழைத்த ஒரு பெண்ணின் பெட்டி காத்தது. தேடிச்சென்று கேட்க ஒருவர் இருந்தார் என்பதும் உடன் எண்ணத்தக்கது.

நம் பரணில் உள்ளவை

சந்திரசேகரின் காகிதங்களைச் சிகாகோ காப்பதில் நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, வெட்கமும் உண்டு. மகிழ்ச்சி, அவை காக்கப்பட்டதால். வெட்கம், காப்பது இன்னமும் பிறர் வேலையென்று நாம் எண்ணுவதால். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராய்த் தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கியதும் அதே சிகாகோ பல்கலைக்கழகமே. கடல்கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக அதனை நிறுத்தியது நம் நற்பேறு.

சிட்லபாக்கத்தை அடுத்துள்ள குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. 1949இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியில்தான் இராமேசுவரத்து மரைக்காயர் குடும்பத்து இளைஞர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 1950களில் விமானப் பொறியியல் கற்றார். அவ்வளாகத்தில் சேர ஆயிரம் ரூபாயளவு தேவைப்பட்டபோது, தமக்கையார் ஜொஹரா தம் பொன்வளையலையும் சங்கிலியையும் அடகுவைத்துக் கொடுத்தார். இதனைக் கலாமே தம் 'அக்னிச் சிறகுக'ளில் நெகிழ்வோடு பதிவுசெய்துள்ளார். அவர் எழுதாது விட்டிருந்தால் நாம் எங்ஙனம் அறிவோம்? அடகுச் சீட்டு என்பது நகை மீண்டதும் கிழித்தெறியப்படும் காகிதம். பெண்களின் ஈகையெல்லாம் பெரும்பாலும் இத்தகைய, கிழித்தெறியப்படும் காகிதங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே கல்லூரியின் தமிழ்ச்சங்கப் போட்டிக்கு, நம் விமானத்தை நாமே ஆக்குவோம் என்னும் கருத்தில் கலாம் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் தேவன் கையால் பரிசு பெற்றார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஒருவரின் முதல் கனவு தமிழ்க் கட்டுரையாகவே பிறந்தது என்பது எத்துணைப் பெரிய செய்தி!

2015 டிசம்பர்ப் பெருமழையில் இப்பகுதி ஏரிகள் நிரம்பித் தெருக்களிலும் வீடுகளிலும் நீர் புகுந்ததை நாம் கண்டோம். கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி போனதைப் பற்றியே எங்கும் பேச்சு. அவை மீண்டும் வாங்கத்தக்கவை. அடித்தட்டில் இருந்த பழைய பெட்டிகளில் நனைந்து கூழான கடிதங்களையும் படங்களையும் பற்றி எவரும் இழப்புக் கணக்கு எழுதவில்லை.

நம் குடும்பங்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்றவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். வீட்டுப் பெண்கள் அரபுத்தமிழில் மறுமொழி எழுதினார்கள். தமிழெழுத்துப் பயிலாத நம் பாட்டிமார் பலர் அரபெழுத்தில் தமிழை எழுதவும் படிக்கவும் வல்லவராக இருந்தனர். அக்கடிதங்களை இன்று பேரன் எடுத்துப் பார்க்கிறான். எழுத்து அரபு; மொழி தமிழ்; அவனுக்கோ இரண்டும் சேர்ந்து புரியவில்லை. ஏதோ ஓதும் தாள் என்று எண்ணி, மரியாதையோடு கிணற்றிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறான். சீதாலட்சுமி அம்மையாரின் குரல் நமக்கு எட்டாததற்காக வருந்தும் நாம், நம் பாட்டியின் குரலை நம் கையாலேயே நீரில் விடுகிறோம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். பிறர் அந்தரங்கத்தைத் துருவுதல் மார்க்கம் விலக்கிய செயலன்றோ? கடிதம் என்பது ஒருவரை நம்பி மற்றொருவர் எழுதியதன்றோ? நியாயமான தடையே. அதனால்தான் இதனை அமானிதம் என்கிறோம். அமானிதம் அழிக்கப்படவும் கூடாது. அங்காடியில் கடைவிரிக்கப்படவும் கூடாது. எவருடைய மானத்திற்கும் ஊறு நேராவண்ணம், உயிரோடிருப்பவர் ஒப்புதலுடன், காலம் பார்த்து வெளியிடுதல் வேண்டும். சந்திரசேகர் தமக்கென எழுதிய குறிப்புகள் அவர் மறைந்து பதினைந்து ஆண்டு கழிந்தபின்னரே அச்சேறின. காத்திருப்பது வேறு, கொளுத்துவது வேறு.

செய்யவேண்டியது பெரிதன்று. பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் வீட்டில் இருப்பின், கடிதங்களை அவர் வாயால் படிக்கக் கேட்டு, ஒருவர் தமிழெழுத்தில் படியெடுங்கள். நகைக்கடன் சீட்டு, மருத்துவச்சிக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, மகளின் பள்ளிக் கட்டண இரசீது ஆகியவற்றையும் பட்டாப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ஒரு குடும்பத்தில் நோபல் பரிசு பெறுபவர் பிறப்பார் என்று முன்னரே அறிந்து எவரும் காகிதம் சேர்ப்பதில்லை. லாகூரில் 1910இல் பிறந்த குழந்தையும் அன்று ஓர் இரயில்வே ஊழியரின் மகன்தான்.

சபைகள் சிரித்துவிட்டுக் கலைந்துவிடும். சிரிக்கப்பட்டவன் அன்றிரவு எழுதிய கடிதத்தை எவரேனும் எடுத்து வைத்திருந்தால்தான், உண்மை தன் முறை வரும்வரை காத்திருக்க இடமுண்டு. அந்த இடத்தைக் காப்பது, பெரும்பாலும் நம் இல்லங்களில், காகிதத்தில் பெயர் எழுதப்படாத பெண்களின் கைகளே. இனிமேலாவது அவர்கள் பெயரையும் அக்காகிதத்தில் எழுதி வைப்போமாக.